அடைக்கலம் தேடிக் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு: இராமநாதபுரம் கரையில் திருமுழுக்குப் பெறும் வழி

2022இல் என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. பாம்பன் பக்கம் எங்கள் கரையில் ஒரு அந்தோணியார் கெபி (குகை மாதிரி அமைத்த சின்ன வழிபாட்டு இடம்) உண்டு. சாயங்காலம் அங்கே இரண்டு பாட்டிமார் பாய் விரித்துச் செபமாலை சொல்வார்கள். ஒரு நாள் கருவாட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள். எந்த ஊர், என்ன ஆள், எதற்கு அழுகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்.

அந்தப் பாயில் உட்கார்ந்த நாளிலிருந்து திருமுழுக்குத் தொட்டிக்குப் போய்ச் சேர எனக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆனது. 2025 ஏப்ரல் 19, ஈஸ்டர் ராத்திரியில்தான் ஞானஸ்நானம் பெற்றேன் (திருமுழுக்கு என்பதும் ஞானஸ்நானம் என்பதும் ஒன்றுதான்). ஒழுங்காக யாராவது சொல்லியிருந்தால் ஒன்றரை வருஷத்தில் முடிந்திருக்கும். எங்கே யாரைக் கேட்பது, எந்தத் தாள் வேண்டும், எந்த மாதம் ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியாமலும், போகக்கூடாத இடத்துக்குப் போயும் மீதிக் காலம் வீணானது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது கத்தோலிக்கத் திருச்சபை. கீழே சொல்வதெல்லாம் அதன் நடைமுறை. சி.எஸ்.ஐ. சபையில் சேர நினைப்பவர்கள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சேர்ந்த அருகிலுள்ள ஆலயத்தில் போதகரிடம் கேளுங்கள். அங்கே வகுப்பும் சடங்கும் வேறு மாதிரி இருக்கும். ஆனால் சான்றிதழ், சொத்து பற்றி ஐந்தாவது படியில் சொல்லியிருப்பது எந்தச் சபைக்குப் போனாலும் பொருந்தும்.

1. முதல் மூன்று மாதம் சும்மா உட்காருங்கள்

கோவிலுக்குள் வர யாரும் எந்த அட்டையும் கேட்பதில்லை. செபமாலைக்கு, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு, ஞாயிறு பூசைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பின் பெஞ்சில் உட்காருங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். முழந்தாளிடத் தோன்றவில்லை என்றால் உட்கார்ந்தே இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான்: நற்கருணை (பூசையில் தரும் புனித அப்பம்) வாங்க வரிசையில் போகாதீர்கள். அது திருமுழுக்குப் பெற்று, அதற்குத் தயாரானவர்களுக்கு மட்டும். தெரியாமல் போய் நின்று, குருவானவர் மெதுவாகக் கேட்டதும் நான் கூசிப்போனேன்.

இந்த மூன்று மாதத்தில் வேறு எதுவும் வேண்டாம். படிவம் நிரப்பாதீர்கள், சங்கிலியில் சிலுவை மாட்டாதீர்கள், வீட்டுச் சாமி படத்தைக் கழற்றாதீர்கள். துக்கத்தில் எடுத்த முடிவா, மனசு நிலையான பிறகு எடுத்த முடிவா என்று உங்களுக்கே தெரிய வேண்டும். என் விஷயத்தில் தூக்கம் திரும்பிய பிறகும் கால் தானாக அந்தப் பாய்க்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறுதியானது.

படிக்கத் தெரிந்தவர்கள் மாற்கு நற்செய்தியிலிருந்து ஆரம்பியுங்கள், சின்னது. நாலாம் அதிகாரத்தின் கடைசியில் புயலில் படகு அலைமோதும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிற இடம் வரும். நம் ஊர் ஆட்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. திருப்பாடல்களில் 91ஐயும் 107ஐயும் படியுங்கள். 107இல் 23 முதல் 30 வரையுள்ள வசனங்கள் கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றியவை.

வாங்குவதாக இருந்தால் கத்தோலிக்கத் ‘திருவிவிலியம்’ என்று கேட்டு வாங்குங்கள். அதில் 73 புத்தகங்கள் இருக்கும். மற்றச் சபைகளின் வேதாகமத்தில் 66. நான் தெரியாமல் மற்றதை வாங்கிவிட்டு, வகுப்பில் தோபித்து ஆகமத்தைத் தேடித் தேடிப் பக்கம் புரட்டினேன்.

2. யாரிடம் பேசுவது

நேரே பங்குத்தந்தையைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இந்தக் கரையில் ஒரே குருவானவர் பங்குக் கோவிலையும் பல கிளைக் கிராமங்களையும் பார்த்துக்கொள்வார். பூசை முடிந்த கையோடு அவர் அடுத்த ஊருக்கு வண்டியில் ஏறிவிடுவார். முதலில் உபதேசியாரை, அதாவது கோவில் காரியங்களில் குருவானவருக்கு உதவியாக இருப்பவரைப் பாருங்கள். அவர் ஊரிலேயே இருப்பவர், எல்லாக் குடும்பமும் அவருக்குத் தெரியும். கன்னியர் மடம் இருக்கும் ஊரில் பெண்கள் சிஸ்டர்மாரிடம் பேசுவது இன்னும் எளிது.

“நான் திருமுழுக்குப் பெற விரும்புகிறேன், என்ன செய்ய வேண்டும்?” என்று மட்டும் சொல்லுங்கள். முழுக் கதையையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. அப்புறம் பங்குத்தந்தை ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுவார். எதற்காக வருகிறீர்கள், யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணமோ வேலையோ தருவதாகச் சொன்னார்களா, கல்யாணத்துக்காகவா என்று கேட்பார். அதில் உண்மையைச் சொல்லுங்கள். அவர் தயங்கினாலும் ‘இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்’ என்றாலும் மனம் உடையாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்தான் உங்கள் மேல் அக்கறை உள்ளவர். இரண்டாம் சந்திப்பிலேயே தேதி குறிக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டக் கத்தோலிக்கக் கோவில்கள் சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகின்றன. 14 வயது முடிந்த யாருக்கும் ஞானஸ்நானம் என்றால் அது ஆயருக்கு (மறைமாவட்டத்தின் தலைவரான பிஷப்) தெரிவிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (863ஆம் பிரிவு). அந்தக் கடிதம் பங்கிலிருந்து போகும், நீங்கள் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். போய்வர நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

3. ஏற்கெனவே எங்காவது தண்ணீரில் இறங்கியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

எனக்கு அதிக காலம் போனது இதில்தான்.

கெபிக்குப் போக ஆரம்பித்த ஆறாம் மாதம் ஒருவர் என்னை ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பாட்டும் கண்ணீரும் கைதட்டலுமாக இருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. மூன்றாம் வாரமே கடலில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். எந்த வகுப்பும் இல்லை, எந்தத் தாளும் இல்லை. அதற்கப்புறம்தான், டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை நிறுத்து, மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்றார்கள். நிறுத்தினேன். பத்தே நாளில் பழையபடி ஆகி, ஒரு விடியற்காலையில் கடலைப் பார்த்து நடந்தவளை என் அத்தை மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

எந்தச் சபையிலும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை மருத்துவத்தை விலக்குவதில்லை, அதுவே ஊர் ஊராக ஆஸ்பத்திரி நடத்துகிறது. மனசு சரியில்லை என்றால் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நீங்கள் தப்பி ஓடி வந்தது வீட்டு அடிஉதைக்குப் பயந்து என்றால் 181க்குக் கூப்பிடுங்கள். ஜெபமும் செய்யுங்கள், போனும் பண்ணுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பங்குக் கோவிலில் பேர் கொடுத்தபோது அந்தக் கடல் ஞானஸ்நானத்தை மறைத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. எட்டு மாதம் கழித்து வாய் தவறிச் சொன்னதும் எல்லாம் நின்றது. காரணம் இதுதான்: ஒரு மனிதருக்கு ஒரே ஒரு முறைதான் ஞானஸ்நானம். வேறு சபையில் தண்ணீரால், ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்கும், மறுபடி கொடுக்காது. அப்படிப்பட்டவர்கள் விசுவாச அறிக்கை செய்து, உறுதிபூசுதலும் (விசுவாசத்தில் உறுதிப்படுத்த எண்ணெய் பூசும் சடங்கு) நற்கருணையும் பெற்றுச் சேர்ந்துகொள்ளலாம். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் அது செல்லாது, முழுதாகத் திருமுழுக்குப் பெற வேண்டும். எது என்று தெரியாமலே போனால், விசாரித்த பிறகு நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

என் காதில் அன்றைக்கு அலைச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. யார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சான்றிதழ் இல்லை என்றால், விருப்பு வெறுப்பற்ற ஒரு சாட்சி போதும் என்று சட்டம் இருக்கிறது. அன்று கரையில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி ஒருவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம். அவர் சொன்ன பிறகுதான், இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுத்தார்கள் என்பது உறுதியானது. அதற்குள் அந்த வருஷத் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்) முடிந்துபோய், இன்னொரு வருஷம் காத்திருந்தேன். முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

எனவே, வேறு சபையில் பெற்றிருந்தால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தேதி, இடம், பக்கத்தில் நின்றவர் பெயர் இவற்றை எழுதி வையுங்கள்.

4. வீட்டில் மறைக்காதீர்கள்

கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். கரையோர ஊரில் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் மறையாது. பிறர் வாயால் கேட்கும்போது அது பத்து மடங்காக வலிக்கும். நான் என் வீட்டுக்காரரை இரண்டு முறை குருவானவரிடம் அழைத்துப் போனேன். அவர் மாறவில்லை, மாறச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பைக்கில் இறக்கிவிட்டுப் போகிறார்.

ஏற்கெனவே நடந்த கல்யாணம் அப்படியே செல்லும். நீங்கள் மட்டும் ஞானஸ்நானம் பெற்றாலும் மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை, பிரியவும் வேண்டியதில்லை. இருவரும் பெற்றால் அந்தத் திருமணமே அருள்சாதனமாகிவிடும், அதாவது திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்றாகிவிடும். ஆனால் முதல் மனைவி அல்லது கணவர் உயிரோடிருக்க இன்னொருவருடன் வாழ்கிறவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அது தீராமல் திருமுழுக்கு நடக்காது. தீர்க்க வழிகள் உண்டு, ஆனால் காலம் பிடிக்கும்.

பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி அவசரப்படாதீர்கள். தாய் தகப்பன் இருவரும் மனமொத்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள். ஏழு வயது தாண்டிய பிள்ளைக்குத் தன் விருப்பம் என்று ஒன்று உண்டு, அதற்கும் வகுப்பு உண்டு.

5. சாதிச் சான்றிதழும் சொத்தும்

இதைச் சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கிறவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. கசந்தாலும் உட்கார்ந்து படியுங்கள்.

தமிழ்நாட்டில் மதம் மாறக் கலெக்டரிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை. 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டுவிட்டது. 18 வயது நிரம்பியவர் தன் விருப்பப்படி மாறலாம். ஆனால் குஜராத் போன்ற சில மாநிலங்களில் இதற்கென்று சட்டம் உண்டு. தொழிலுக்காக அங்கே இருப்பவர்கள் ஊருக்கு வந்து செய்வது நல்லது.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள்: 1950ஆம் ஆண்டு அரசியல் சட்ட ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் அந்த உரிமை போகும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டு பழைய சான்றிதழையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்கள் பெயர் கோவில் பதிவேட்டில் இருக்கும், அது அழியாது. இந்த விதி நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். கூலி வேலைக்காரரின் வறுமை ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடுவதில்லை. ஆனால் விதி இருக்கும்வரை தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பழங்குடியினருக்கு மதம் மாறினாலும் அந்தத் தகுதி போகாது. மீனவர், பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகியோர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவர்களாக மாறியவர்களையும் சேர்த்தே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் உங்கள் சாதிப் பெயருக்கு நேரே பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். புதிய சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். பள்ளி சேர்க்கை நேரமான மே, ஜூனில் கூட்டம், அதற்கு முன்னாலேயே போடுங்கள்.

சொத்து: இந்துப் பெற்றோரின் சொத்தில் மதம் மாறிய பிள்ளையின் பங்கு போகாது. ஆனால் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. இந்து முறைப்படி கல்யாணம் ஆனவர்களில் ஒருவர் மதம் மாறினால் மற்றவர் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடியும். கணவரிடமிருந்து பிரிந்து ஜீவனாம்சம் கேட்கும் நிலையில் இருக்கும் பெண்கள் முக்கியமாக வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்துப் பெண் என்ற முறையில் இந்துச் சட்டத்தின் கீழ் பெறும் ஜீவனாம்ச உரிமை மதம் மாறினால் பாதிக்கப்படும். வக்கீல் பீஸ் இல்லை என்று தயங்காதீர்கள். இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

6. தாள்கள்

என்னிடம் கேட்டவை இவை: கைப்பட எழுதிய விருப்பக் கடிதம் (யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் விருப்பத்தோடு கேட்கிறேன் என்று), ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணத்துக்கு ஒரு ஆதாரம், இரண்டு போட்டோ. சில பங்குகளில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் கேட்கிறார்கள். கேட்டால் கொடுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு. வெற்றுத் தாளில் மட்டும் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதிக்கொள்வார். திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாவிட்டால் போதும். வேறு பெயர் எடுத்தாலும் அதைப் பேங்கிலோ ரேஷன் கார்டிலோ போடாதீர்கள். என் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) ஒரு அக்கா ஆசையாகப் புதுப் பெயரைப் பாஸ்புக்கில் மாற்றப் போய், ஆதாரோடு ஒத்துப்போகாமல் அந்த வருஷ மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய அவர் நடந்த நடை கொஞ்சமல்ல. சட்டப்படி மாற்றியே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அதை வைத்து ஆதார் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

7. நாள்காட்டியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

பெரியவர்களுக்குத் திருமுழுக்கு வழக்கமாக ஈஸ்டர் திருவிழிப்பு ராத்திரியில்தான். தவக்கால முதல் ஞாயிறன்று, அந்த ஈஸ்டருக்குத் திருமுழுக்குப் பெறுகிறவர்களைத் தேர்ந்து பெயர் பதியும் சடங்கு. அதற்கு முன் குறைந்தது ஆறேழு மாத வகுப்பு முடிந்திருக்க வேண்டும், பல பங்குகளில் ஒரு வருஷம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் போய், இந்த ஈஸ்டருக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் முடியாது.

2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, தவக்கால முதல் ஞாயிறு 14, ஈஸ்டர் மார்ச் 28. 2028இல் சாம்பல் புதன் மார்ச் 1, ஈஸ்டர் ஏப்ரல் 16. ஆக, முந்தின வருஷம் ஜூன் மாதமே பேர் கொடுத்துவிடுங்கள். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் கரையில் இருக்கும் நேரம் அது. குருவானவரை இரண்டு மூன்று முறை பார்த்துப் பேசி, தாள்களைச் சேர்க்க அதைவிடத் தோதான காலம் கிடையாது.

இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போனவர்கள் ஞாயிறு காலை கரை திரும்பி, மீனை இறக்கி, வலையைப் பிரித்துக் குளிப்பதற்குள் பூசை முடிந்திருக்கும். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் பங்கில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வகுப்பைச் செவ்வாய் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். கேட்டால் கிடைக்கும், கேட்காமல் நாலு வகுப்பு விட்டால் மனம் இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்கள்.

8. வகுப்பும் ஞானத்தாயும்

வாரம் ஒரு மணி நேரம். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம் மூன்றும் மனப்பாடமாக வேண்டும். பத்துக் கட்டளை, ஏழு அருள்சாதனங்கள், பூசையில் என்ன நடக்கிறது, பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) எப்படிச் செய்வது, இவைதான் பாடம். பரீட்சை மாதிரி பயப்பட வேண்டாம். என்னோடு படித்த அறுபது வயதுத் தாத்தா விசுவாசப் பிரமாணத்தில் பாதியிலேயே நின்றுவிடுவார், குருவானவர் மீதியைக் கூடச் சேர்ந்து சொல்லுவார்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ‘என் தம்பி ஞானஸ்நானம் பெறாமல் செத்தானே, அவன் கதி என்ன?’ என்று நான் மூன்றாம் வகுப்பிலேயே கேட்டேன். எல்லாரும் அமைதியானார்கள். கடவுளின் இரக்கத்துக்கு நாம் கரை போட முடியாது என்று குருவானவர் சொன்னார். அன்றைக்குத்தான் நான் இங்கே தங்கலாம் என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட கேள்விக்கு உங்களைத் திட்டுகிற இடம் என்றால் வேறு பங்கைப் பாருங்கள்.

திருமுழுக்கில் உங்களுக்குத் துணை நிற்க ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை ஒருவர் போதும். 16 வயது முடிந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் ஆக முடியாது. வேறு பங்கு ஆளானால் அவருடைய பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். பணக்காரரைத் தேடாதீர்கள். பக்கத்துத் தெருவில், ஞாயிறு தவறாமல் வருகிற, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டு வருகிற ஆளைக் கேளுங்கள். எனக்கு ஞானத்தாய் பாயில் இடம் விட்ட பாட்டிகளில் ஒருவர். திருவிவிலியமும் அவர் வாங்கித் தந்ததுதான்.

தனியாக, ராத்திரியில், கதவு சாத்திய அறையில் ‘உனக்கு மட்டும் ஜெபிக்கிறேன்’ என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், அவர் எந்த உடுப்பில் இருந்தாலும் சரி. பாவசங்கீர்த்தனம் கேட்கக் கோவிலுக்குள்ளேயே எல்லாரும் பார்க்கிற இடம் இருக்கிறது.

9. செலவு

ஞானஸ்நானத்துக்கு விலை கிடையாது. மறைமாவட்டம் குறித்த காணிக்கை ஏதாவது இருக்கலாம், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றும், இல்லாத ஏழைக்கு அருள்சாதனத்தை மறுக்கக்கூடாது என்றும் திருச்சபைச் சட்டத்தின் 848ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு ஆனது: வெள்ளைப் புடவை 650, மெழுகுவர்த்தி 40, நகல், போட்டோ 120, மற்றபடி ஷேர் ஆட்டோ. காணிக்கையாக மனசுக்குப் பட்டதை உண்டியலில் போட்டேன். ‘ஆயிரம் கொடு, ஐயாயிரம் கொடு, ஆசீர்வாதம் இரட்டிப்பாக வரும்’ என்று கணக்குச் சொல்கிற இடம் அடைக்கலம் அல்ல. வட்டிக்கு வாங்கி விருந்து போடவும் வேண்டாம்.

இன்னொன்று, கடற்கரைக் கிராமங்களில் தலைக்கட்டு வரி என்று ஊர் வசூலிப்பது உண்டு. திருவிழா, கல்லறை இடம் போன்றவை அதோடு சேர்ந்து வரும். அது ஊர் வழக்கம், ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்தவர் என்றால், நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா, வரி எப்படி என்று இப்போதே பங்குப் பேரவையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் அந்தப் பேச்சு வரக்கூடாது.

10. அந்த ராத்திரியும் அதற்குப் பிறகும்

திருவிழிப்பு நீளமானது, இரண்டு மூன்று மணி நேரம். மதியம் தூங்கிவிடுங்கள். மாற்று உடுப்பு ஒன்று எடுத்துப் போங்கள், தண்ணீர் தலை வழியே நிறைய வரும். திருமுழுக்கு, உறுதிபூசுதல், முதல் நற்கருணை மூன்றும் ஒரே பூசையில் நடந்துவிடும். நான் பெற்ற வருஷம் தடைக்காலம் தொடங்கி ஐந்தாவது நாள். படகெல்லாம் கட்டிக் கிடந்ததால் கோவில் நிறைய ஆண்கள். விளக்கை அணைத்து ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டு வந்தபோது, ராத்திரி கடலில் தூரத்துப் படகு விளக்குகளைக் கரையிலிருந்து பார்ப்பது போலவே இருந்தது.

அடுத்த வாரமே பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஞானத்தாய் பெயர், எல்லாம் சரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து தப்பியிருந்தது, அன்றே திருத்தினார்கள். பத்து வருஷம் கழித்து மகளின் கல்யாணத்துக்குக் கேட்கும்போது திருத்துவது பெரும்பாடு. திருமுழுக்குச் சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கி, பதிவேட்டு எண்ணைத் தனியாகக் குறித்து, ஈரமும் உப்புக்காற்றும் படாத கவரில் வையுங்கள்.

உங்கள் வீடு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேட்டு அந்தக் கூட்டத்துக்குப் போகத் தொடங்குங்கள். முதல் ஆறு மாதம் யாராவது தினம் விசாரிக்கிற நிலைமை வேண்டும். ஞானஸ்நானம் முடிந்ததும் வகுப்பு நின்றுபோய், திடீரென்று தனியாக விட்டது போலிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது, அன்பியத்தில்தான் தெளிந்தேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கும் அன்று பூசைக் கருத்துக் (இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பெயர் தருவது) கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தாலும் கொடுக்கலாம், நான் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு வாரம் முன்னாலேயே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கடைசி நாள் கூட்டம் அதிகம். பெயரைப் பெரிய எழுத்தில், தெளிவாக எழுதுங்கள். பீடத்தில் வாசிக்கும்போது அது சரியாகக் காதில் விழ வேண்டும்.